கடைசித் தாள்

எங்கள் வீட்டு இறால் ஆணத்துக்கு டீச்சர் ஒருநாளும் செகண்ட் லோவருக்கு மேலே போட்டதில்லை. சட்டியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, கிணற்றடியில் கை கழுவிக்கொண்டே, "குழம்பில புளி கொஞ்சம் கூடிற்று. செகண்ட் லோவர்" என்பார். அம்மாவுக்கு அது விளங்காது. "என்னகா சொல்லுறா அவ?" என்று என் காதுக்குள் கேட்பார். "நல்லா இரிக்காம்" என்று நான் பொய் சொல்வேன். பிடிக்காத சாப்பாட்டை ஒருத்தி இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்னமாட்டாள் என்று அம்மாவுக்கும் தெரியும். ஆனபடியால் அந்தப் பொய்யில் பெரிய பாவம் இல்லை.

உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் டீச்சர் நான்காகப் பிரித்து வைத்திருந்தார். பெஸ்ட் கிளாஸ் என்ற முதலாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பின் மேற்பிரிவு, செகண்ட் லோவர் என்ற அதன் கீழ்ப்பிரிவு, கடைசியில் பாஸ் என்ற வெறும் சித்தி. பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்குப் போடுகிற தரம் அது. இவர் அதைக் கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து, பஸ் கொண்டக்டருக்கும் கோயில் நாதஸ்வரத்துக்கும் தையற்காரரின் சட்டைக் கைக்கும் போட்டுக்கொண்டு திரிந்தார். வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து சட்டியில் வரும் எருமைத் தயிர் ஒன்றுதான் அவரிடம் பெஸ்ட் கிளாஸ் வாங்கியது. மனிதர் யாரும் வாங்கியதாக எனக்கு நினைவில்லை.

மாப்பிள்ளைமாருக்கும் இதே கதிதான். நாவற்குடாவில் அவர்களுடைய வீடு எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி. தாய் இல்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடும் வளவும் மகள் பெயருக்கு வந்துவிட்டன, தகப்பன் அவரோடு இருந்தார். தாயின் தம்பி, டீச்சருடைய மாமா, பக்கத்து ஒழுங்கையில் குடியிருந்து எல்லாவற்றையும் பார்த்துச் செய்தார். அதிகம் பேசாத நல்ல மனிதர். அவர்தான் ஒருமுறை அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக வேலை பார்க்கும் ஒரு மாப்பிள்ளையைப் பேசிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை வந்து தேநீர் குடித்துவிட்டுப் போனபிறகு, "எப்பிடி மகள்?" என்று மாமா கேட்க, டீச்சர், "பாஸ். அதுவும் ரிப்பீட்டில பாஸ்" என்றார். மாமா அந்தப் பேச்சை அத்தோடு விட்டார். பிறகு அவர் யாரையும் கொண்டுவரவில்லை.

நான் டீச்சருக்கு நாலைந்து வயது இளையவள். பட்டம் கிட்டம் ஒன்றும் இல்லை, பயிற்சிக் கலாசாலை முடித்துக் கீழ் வகுப்புகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். அறுபதுகளின் நடுவில் நாங்கள் இரண்டு பேரும் நகரத்தில் ஒரே பெண்கள் பாடசாலையில். அவர் மேல் வகுப்புகளுக்குப் புவியியல். காலையில் ஒரே பஸ். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னைப் புள்ள என்பார். பஸ் பாலத்தில் ஏறி இரும்புச் சத்தம் தொடங்கினால் அவர் வாய் திறப்பார், மற்றவர்களுக்குக் கேட்காது என்ற தைரியம். ஒருநாள் அந்தச் சத்தத்துக்குள்தான் கிளாஸ் என்றால் என்ன என்று எனக்குச் சொன்னார்.

"எல்லாத் தாளையும் கூட்டிச் சராசரி பாப்பாங்க புள்ள. சராசரி மட்டும் காணாது. பாதித் தாளுக்கு மேல A இரிக்கோணும். ஒரு தாளும் விழுந்திருக்கக்கூடாது. மறுகா, எல்லாத் தாளையும் ஒரே தரத்தில எழுதி முடிச்சிருக்கோணும். ஒரு தாளை விட்டுப்போட்டு அடுத்த வருசம் எழுதினா, அதில நூத்துக்கு நூறு எடு, பாஸ்தான். கிளாஸ் இல்ல."

"மற்றத் தாளெல்லாம் A எண்டாலுமா?"

"மற்றத் தாளெல்லாம் A எண்டாலும்தான்."

"அது ஏன் அக்கா அப்பிடி?"

"ஏனெண்டு கேட்டா அது விதி இல்லயே" என்றார். பாலம் முடிந்து சத்தம் நின்றது, அவரும் நின்றுவிட்டார்.

மிச்சக் கதையைச் சொன்னது அவருடைய தகப்பன். அதைச் சொல்வதில் அந்த மனிதருக்கு ஒரு பொல்லாத ஆசை. வீட்டுக்கு யார் வந்தாலும், வெற்றிலையை மடித்துக்கொண்டே, "என்ர மகளுக்கு பெஸ்ட் கிளாஸ் கிடைக்காததுக்கு நான்தான் காரணம். சாக மறந்து போனன்" என்பார். வந்தவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று முழிப்பார்கள். உள்ளே குசினியில் டீச்சரின் சட்டி பானைச் சத்தம் கொஞ்சம் கூடும்.

நடந்தது இவ்வளவுதான். இறுதியாண்டுப் பரீட்சை. டீச்சர் எல்லாத் தாளும் எழுதிவிட்டார், ஒன்று மிச்சம். படிப்பித்தவர்கள், "கிளாஸோடு வா, இங்கேயே விரிவுரையாளராக எடுக்கிறோம்" என்று சொல்லி வைத்திருந்தார்கள். கடைசித் தாளுக்கு இடையில் இரண்டு நாள் இருந்தது. அப்போது மாமா ரயிலேறி விடுதி வாசலில் வந்து நின்றார். கசங்கிய வேட்டி, சிவந்த கண். "அப்பாவுக்குச் சுகமில்ல. வா மகள்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். தூரத்தில் இருக்கும் பிள்ளையைச் சாவீட்டுக்குக் கூட்டிவரப் போகிறவர் சாவைச் சொல்லமாட்டார். சுகமில்லை, வா என்பார். கூட்டிவரப்படுகிற ஆளும் கேட்கக்கூடாது. கேட்டால் நம் வாயாலேயே சாவை அழைத்த மாதிரி. ஒழுங்கைக்குள் இறங்கி, வாசலில் வெள்ளைக் கொடியைப் பார்த்துத்தான் குழறி அழவேண்டும். அதுவரைக்கும் இருவரும் வாயை மூடிக்கொண்டு வருவார்கள். நானே என் பெரியப்பாவின் மகனை அப்படிக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். அவன் வழியெல்லாம் கிரிக்கெட் பற்றிப் பேசினான், நானும் பேசினேன்.

டீச்சரும் கேட்கவில்லை. வாசலில் நின்ற மாமாவைப் பார்த்த உடனேயே அப்பா போய்விட்டார் என்று முடிவு கட்டிவிட்டார். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வந்து ரயிலில் ஏறினார். மாமா ஒரு ஸ்டேஷனில் தேத்தண்ணியும் பணிசும் வாங்கிக் கொடுத்தார். டீச்சர் தொடவில்லை. அதைப் பார்த்து மாமாவுக்குக் கண் கலங்கியது. மாமாவின் கண்ணைப் பார்த்ததும் டீச்சருக்கு இருந்த கடைசிச் சந்தேகமும் போய்விட்டது.

மட்டக்களப்பு ஸ்டேஷனில் இறங்கி, கார் பிடித்து, ஒழுங்கைக்குள் வந்தால் வெள்ளைக் கொடி இல்லை. ஆள் கூட்டமும் இல்லை. தகப்பன் உள்ளே மர வாங்கில் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருந்து மல்லித் தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் கடுமையாகி, மகளுடைய பெயரைச் சொல்லிப் புலம்பத் தொடங்கியதால் மாமா பயந்துபோய் ரயிலேறியிருக்கிறார். மாமா ரயிலில் போகும்போதே காய்ச்சல் இறங்கிவிட்டது.

தகப்பன் மகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "என்ன மகள், சோதின முடிஞ்சுதா?"

மறுநாள் காலையில்தான் கடைசித் தாள். திரும்பிப் போக வேண்டிய ரயில் போய்விட்டது. டீச்சர் நிலத்தில் குந்திச் சிரித்தார் என்று தகப்பன் சொன்னார். சிரித்துக்கொண்டே இருந்தாராம், அயல் சனம் வந்து தண்ணி தெளிக்கிறவரைக்கும்.

பிறகு பல்கலைக்கழகத்துக்குப் போய்க் காரணம் சொல்லிப் பார்த்தார். அலுவலகத்தில் இருந்தவர் நம்மவர்தான், தமிழில்தான் பேசினார். சொந்த நோய் என்றால் டொக்டரின் சான்றிதழ், தாய் தகப்பன் செத்தால் மரணச் சான்றிதழ், இந்த இரண்டுக்கும்தான் சலுகை உண்டு.

"அப்பாட மரணச் சான்றிதழக் கொண்டு வந்தீங்களா?"

"அப்பா இரிக்கார்."

"அப்ப என்னத்துக்குப் போனீங்க?"

பிழைத்துக்கொண்ட தகப்பனுக்கு அவர்களிடம் ஒரு சலுகையும் இல்லை. அடுத்த வருடம் போய் அந்த ஒரு தாளை எழுதினார். அந்தத் தாளில் அந்த முறை அவருக்குத்தான் ஆகக்கூடின புள்ளி. பட்டம் வந்தது, வெறும் சித்தி. விரிவுரையாளர் வேலை இவருடைய நோட்ஸை வாங்கிப் படித்த ஒருவருக்குப் போனது. அவருக்குச் செகண்ட் லோவர். எங்கள் வீட்டு ஆணத்தின் தரம் அது. இதை அறிந்தபிறகு டீச்சர் செகண்ட் லோவர் என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர்மேல் எனக்கு இரக்கம் இருந்தது. அது பூரணம் என்ற பிள்ளையோடு போய்விட்டது.

பூரணம் படுவான்கரைப் பிள்ளை. தினமும் தோணியில் வாவியைக் கடந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வருவாள். கெட்டிக்காரி. பாடசாலை விடுதியில் அக்கரைப் பிள்ளைகளுக்கு வருடம் ஓர் இடம் இலவசமாகக் கொடுப்பார்கள். வருடக் கடைசிப் பரீட்சையில் அக்கரைப் பிள்ளைகளுக்குள் முதலாவதாக வருபவளுக்கு அது. பூரணத்துக்கு அந்த இடம் கிடைத்தால் படிப்பாள், கிடைக்காவிட்டால் தகப்பன் மறிக்கப்போகிறார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். டீச்சருக்கும் தெரியும்.

புவியியல் பரீட்சை அன்று மாரிக்காலக் காற்று. தோணி விடவில்லை. காற்று அடங்கிப் பூரணம் நனைந்த பாவாடையோடு வந்து சேர்ந்தபோது பரீட்சை முடிந்திருந்தது. டீச்சர் ஒன்றும் ஏசவில்லை. மறுநாள் வேறு கேள்வி போட்டு, தனியாக இருத்தி எழுதவைத்தார். நான்கூட மனதுக்குள் மெச்சினேன். பிறகு விடைத்தாளைப் பார்த்தேன். எண்பத்திரண்டு, சிவப்பு மையில், டீச்சரின் கைதான். பாடசாலைப் பதிவில் அதே கையால் நாற்பது.

"அக்கா, இது என்ன?"

"ரெண்டாம் தரம் எழுதினா பாஸ் மட்டும்தான் புள்ள. நாப்பதுக்கு மேல போட ஏலா."

"இது என்ன பல்கலைக்கழகமா? பதின்மூண்டு வயசுப் புள்ளக்கா! தோணி வராட்டி அது என்ன செய்யும்?"

"தோணி வராட்டி தோணிக்கு மாக்ஸ் குறைக்க ஏலாதே."

"அந்தப் புள்ளட படிப்பு நிக்கப்போகுது. உங்களுக்கு வெளங்குதா?"

டீச்சர் சிவப்புப் பேனையை மூடினார். "எனக்கு ஒருத்தரும் விட்டுத் தரல்ல. நான் என்னத்துக்கு விட்டுக் குடுக்கோணும்?" என்றார். குரல் கொஞ்சமும் உயரவில்லை. கடையில் மிச்சக்காசு கேட்கிற மாதிரிச் சாதாரணமாகக் கேட்டார்.

நான் எங்கள் அதிபரான பெரிய டீச்சரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். பெரிய டீச்சர் பாட ஆசிரியை போட்ட புள்ளியில் கை வைக்கமாட்டேன் என்றார். விடுதி இடம் வேறு பிள்ளைக்குப் போனது. பூரணம் தை மாதம் வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு தவணை முழுக்க நான் அடுத்த பஸ்ஸில் போனேன்.

ஏழெட்டு வருடம் கழித்துக் களுதாவளைப் பிள்ளையார் கோயில் திருவிழாவில் பூரணத்தைக் கண்டேன். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. ஓடி வந்து கையைப் பிடித்தாள். "புவியியல் டீச்சர் சுகமா இரிக்காவா?" என்று அவரைத்தான் முதலில் விசாரித்தாள்.

"இரிக்கா, இரிக்கா. நீ ஏன்கா படிப்ப விட்ட?" என்று தெரிந்துகொண்டே கேட்டேன், வாய் சும்மா கிடக்கவில்லை.

"எனக்கெங்க டீச்சர் மண்ட? அந்தச் சோதினயில நாப்பதுதானே எடுத்த. நல்லா எழுதினன் எண்டுதான் நெனச்சன். நம்மட நெனப்பு அப்பிடி."

"நாப்பது இல்லடி. எண்பத்திரண்டு. என்ர கண்ணால பாத்தன்."

பூரணம் சிரித்தாள். "சும்மா பகிடி விடாதீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, அழுத பிள்ளைக்குக் கடலை வாங்கப் போனாள். சராசரி, வகுப்பு, தரம், தவணை என்று இதையெல்லாம் கண்டுபிடித்தவர்கள் யாராயிருந்தாலும் அவர்களை அந்தக் கடலைக்கடை முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் போல இருந்தது. டீச்சரையும் சேர்த்துத்தான்.

ஆனாலும் நாங்கள் மறுபடி ஒரே பஸ்ஸில்தான் போய்வந்தோம். அயல் என்றால் அப்படித்தான். அவர் கொண்டக்டருக்குத் தரம் போட, நான் யன்னலால் வாவியைப் பார்த்துக்கொண்டு வருவேன்.

அவருடைய தகப்பனுக்குக் கடைசியில் நெஞ்சு நோ வந்தது. இரண்டு மூன்று மாதம் படுக்கை. டீச்சர் காலையில் முகம் கழுவி, கஞ்சி பருக்கி, உடுப்பு மாற்றிவிட்டுத்தான் பஸ்ஸுக்கு வருவார். அதில் ஒரு குறை சொல்ல முடியாது. தகப்பன் மட்டும் பழைய பகிடியை விடவில்லை. ஒருநாள் நான் பார்க்கப் போனபோது, "இந்த முற மறக்க மாட்டன், மகள்" என்று என் முன்னாலேயே சொன்னார். டீச்சர் தலையணையை நேராக்கிக்கொண்டே, "பறையாமக் கிடங்க" என்றார்.

அதற்குச் சில நாள் கழித்து, பல்கலைக்கழகப் புகுமுகப் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் தெரிவுப் பரீட்சை. அதில் தேறினால்தான் பெரிய பரீட்சைக்கு அனுப்புவார்கள். ஒரு மண்டபம், நடுவில் அரைச்சுவர். அந்தப் பக்கம் டீச்சர், இந்தப் பக்கம் நான். மண்டபத்துக்குள் பேனைச் சத்தம் மட்டும்தான். அப்போது வாசலில் மாமா வந்து நின்றார். நரைத்துப் போய்விட்டார். சைக்கிள் மிதித்து வந்த மூச்சு இன்னும் ஆறவில்லை.

"அப்பாவுக்குச் சுகமில்ல. வா மகள்."

அதே சொல். டீச்சர் கதிரையிலிருந்து எழும்பி வாசலுக்குப் போனார். எங்கள் ஊரில் யாரும் கேட்காததைக் கேட்டார்.

"மாமா, இரிக்காரா, இல்லயா? சொல்லுங்க."

மாமா தலை குனிந்தார். "அப்பிடிக் கேக்காத மகள். வா."

"இல்லயெண்டா இப்ப வாறன். இரிக்காரெண்டா மணி அடிச்சாப்புறகு வாறன். எது?"

அந்த அதிகம் பேசாத மனிதரை அப்படி நிறுத்தி வைத்துக் கேட்டதற்காக டீச்சரை அடிக்கவேண்டும் போல இருந்தது எனக்கு. மாமா பொய் சொல்லியிருக்கலாம். ஒரு பொய், ஒரு சொல். அவருக்கு அது வரவில்லை.

"இரிக்கார்" என்றார். "உன்னத்தான் கூப்பிடுறார்."

"முந்தியும் கூப்பிட்டவர்தானே" என்றார் டீச்சர். "நீங்க போங்க மாமா. நான் வாறன்."

நான் அரைச்சுவரைச் சுற்றி ஓடினேன். "அக்கா, போங்க. ரெண்டு பக்கத்தையும் நான் பாக்கிறன். கும்பிட்டுக் கேக்கிறன், போங்க."

"ரெண்டு பக்கம் ஒராள் பாக்கிற இல்ல புள்ள. பிழை வந்தா இந்தப் புள்ளயளுக்குத்தான் சோதின போகும்" என்றார். கதிரையில் போய் இருந்தார். மாமா சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. பிள்ளைகள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். "எழுதுங்க" என்றார். பிள்ளைகள் எழுதினார்கள்.

மணி அடித்தது. விடைத்தாள்களை வாங்கி, அடுக்கி, எண்ணி, நூலால் கட்டி, பெரிய டீச்சரின் மேசையில் வைத்து, கையொப்பம் போட்டுவிட்டுத்தான் புறப்பட்டார். பஸ்ஸில் பக்கத்தில்தான் இருந்தேன். பாலத்தில் ஏறியபோதும் அவர் வாய் திறக்கவில்லை. ஒழுங்கைக்குள் திரும்பினோம். வாசலில் மாமா ஒரு கம்பில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு நின்றார். எங்களைக் கண்டதும் முடிச்சுப் போட்ட கை அப்படியே நின்றது.

கடைசிவரைக்கும் மகளுடைய பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். இதை மாமா சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்டுகள் சொன்னார்கள், டீச்சருக்கும் கேட்கத்தக்கதாக.

டீச்சர் அழவில்லை என்று ஊர் கதைத்தது. அழுதார். எட்டாம் நாள் சடங்கு முடிந்து எல்லோரும் போனபிறகு, கழுவி வெயிலில் வைத்திருந்த தகப்பனின் மர வாங்கில் குந்தி அழுதார். நான்தான் தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, பிறகு திரும்பி வந்தது. இப்போதும் வந்து வந்து போகிறது.

அடுத்த திங்கட்கிழமை பாடசாலைக்கு வந்தார். நேரே பெரிய டீச்சரின் அறைக்குப் போய், கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த தாள் ஒன்றை விரித்து மேசையில் வைத்தார். பதிவாளரின் முத்திரை குத்திய மரணச் சான்றிதழ்.

பெரிய டீச்சர் பதறிப்போனார். "இதெல்லாம் என்னத்துக்கு டீச்சர்? நாங்க எல்லாரும் செத்தவீட்டுக்கு வந்தம்தானே. லீவுக்கு இது தேவயில்ல. எடுங்க."

டீச்சர் எடுக்கவில்லை. தாளின் மடிப்பைக் கையால் ஒருமுறை நீவி, மேசைக்கு நடுவே தள்ளி வைத்தார்.

"வெச்சிருங்க" என்றார். "முந்தி ஒருக்கா கேட்டாங்க. குடுக்க இருக்கல்ல."